துரை பங்களாவா, லயமா? நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பார்க்கத் தக்க வீடு எது?

நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பலவற்றின் பெயரில் ஒரு தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கெர்பி, பிராட்வால், ஆதர்ட்டன், மிடல்டன், ரீஜெண்ட், கெடிஸ் என்று அந்தப் பட்டியல் நீளும். செஷயர் வட்டாரத்தில் பிராட்வால் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஆதர்ட்டன், மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பஞ்சாலையும் நிலக்கரிச் சுரங்கமுமாக இருந்த ஊர். பெயர் வைத்த துரைமார்கள் போய் வெகுகாலமாகிவிட்டது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் அடுக்கு வீடுகளும் விரைவுச்சாலையும் வந்தன. பள்ளியின் பெயர்ப்பலகை மட்டும் பழைய பெயரை விடவில்லை. ஆங்கிலச் சிற்றூர்ப் பெயர்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவை தமிழ்ப்பள்ளிகள் என்பதை இங்கிலாந்துக்காரர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

நம்மவர்கள் இப்போது இங்கிலாந்துக்கும் போகிறார்கள். பிள்ளையின் பட்டமளிப்பு விழாவுக்குப் போகும் பெற்றோர் லண்டனைப் பார்த்து முடித்ததும் பேருந்து ஏறி ஏதாவது ஒரு கோட்டையையோ பிரபு வீட்டையோ பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். புல்வெளி, ரோஜாப் பாத்தி, நூலகம், நாற்காலியைச் சுற்றிக் கட்டிய கயிறு, தேநீர்க்கடை என்று படங்கள் புலனத்தில் வந்து விழுகின்றன. அதே பெற்றோரில் பலர் சிலியாவிலோ ரந்தாவிலோ பகாவிலோ லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். அந்தத் தோட்டங்களுக்கு ஒரு விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு போனால் எந்த வீட்டைக் காட்டுவது? இந்தக் கட்டுரை ஆராய முயல்வது இதைத்தான்.

முதலில் இங்கிலாந்தில் பெருவீடுகள் பார்வையாளருக்கு எப்படித் திறந்தன என்று பார்த்துவிடலாம். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வசதியுள்ள பயணிகள் ஒரு பிரபுவின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால், வீட்டுக் காரியம் பார்க்கும் அம்மாள் அறை அறையாகக் காட்டிக் காசு வாங்கிக்கொள்வது வழக்கம். ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் நாயகி பெம்பர்லி மாளிகைக்குள் நுழைவதும் அப்படித்தான். சாதாரண மக்கள் சீட்டு வாங்கி உள்ளே போனது மிகவும் பிந்திய கதை. அதற்குக் காரணம் பெருந்தன்மையும் இல்லை. 1894இல் கொண்டுவந்த மரண வரி ஏறிக்கொண்டே போனது. அமெரிக்கத் தானியம் மலிவாக வந்து இறங்கியதால் குத்தகை வருமானம் விழுந்தது. முதல் உலகப் போரில் வாரிசுகள் மாண்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெருவீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. பழைய இடங்களைக் காக்க 1895இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு, வீட்டைக் கொடுத்துவிட்டு அதிலேயே குடியிருக்கலாம் என்ற ஏற்பாடு 1937ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்தது. 1949இல் லாங்லீட் மாளிகையின் பிரபு வியாபாரமாகவே கதவைத் திறந்து சீட்டு விற்றார். இன்று அந்த டிரஸ்டுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள்.

அங்கே போகிறவர்கள் காசு கொடுத்துப் பார்ப்பது கல்லையும் மரத்தையும் மட்டுமா? ஒரே குடும்பம், ஒரே இடம், பல தலைமுறை என்ற தொடர்ச்சியைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். சுவரில் தொங்கும் படங்களில் பாட்டன் முகமும் பேரன் முகமும் ஒன்றுபோல் இருக்கும். இந்த மண்ணை இவர்கள்தான் அறிந்தவர்கள் என்ற எண்ணம் பார்ப்பவருக்கு வந்துவிடும். இந்த அளவுகோலை மனத்தில் வைத்துக்கொள்வோம். நம் தோட்டங்களுக்கு வரும்போது வேண்டியிருக்கும்.

அந்தத் தொடர்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அங்கே நெடுநாள் யாரும் கேட்கவில்லை. யார்க்ஷயரின் ஹேர்வுட் மாளிகை மேற்கிந்தியத் தீவுகளின் கரும்பிலும் அடிமை வியாபாரத்திலும் வந்த காசில் எழுந்தது. வேல்ஸில் உள்ள போவிஸ் கோட்டையில் கிளைவ் குடும்பம் சேர்த்த இந்தியப் பொருள்களோடு திப்பு சுல்தானின் கூடாரமும் இருக்கிறது. 2020 செப்டம்பரில் நேஷனல் டிரஸ்ட் தன் வசமுள்ள இடங்களில் 93க்கு அடிமை வியாபாரத்தோடோ காலனி ஆட்சியோடோ தொடர்பு உண்டு என்று அறிக்கை வெளியிட்டதும் பெரிய சண்டை மூண்டது. ஞாயிற்றுக்கிழமை தேநீர் குடிக்க வந்த இடத்தில் எங்களுக்கு ஏன் பாடம் நடத்துகிறீர்கள் என்று உறுப்பினர்களில் ஒரு சாரார் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ரப்பரின் கதை தெரிந்தவர்களுக்கு அந்த மாளிகைத் தோட்டத்துப் பூச்செடிகளைக் கூட அரசியல் இல்லாமல் பார்க்க முடியாது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் லண்டனுக்கு அருகே உள்ள கியூ தாவரவியல் பூங்கா. அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்குப் போயின. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். மலாயாவின் பால்மரக் காடுகள் எல்லாம் ஓர் ஆங்கிலப் பூங்காவின் கண்ணாடிக் கூடத்தில் முளைத்தவற்றின் வழிவந்தவையே. நெகிரி செம்பிலானில் முதலில் காப்பிதான் போட்டார்கள். 1891இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த சுங்கை ஊஜோங் ரயில் பாதை அந்தக் காலத்து நம்பிக்கையில் போட்டது. பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்ததும் துரைமார்கள் ரப்பருக்குத் தாவினார்கள். 1910இல் ஓர் இறாத்தல் ரப்பர் லண்டனில் 12 ஷில்லிங்கைத் தாண்டியபோது அவர்கள் தாவியது சரியென்று ஆயிற்று.

இனி நம் மாநிலத்துக்குள் வருவோம். பார்க்கத் தக்க பழைய வீடு என்று நெகிரி செம்பிலானில் கேட்டால் முதலில் சொல்ல வேண்டியது கோலப்பிலாவுக்கு அருகே உள்ள ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனை. 1875இல் ஆட்சியாளர் யாம்துவான் அந்தாவுக்கு எதிரான போரில் ஆங்கிலேயப் படை அங்கிருந்த பழைய அரண்மனையை எரித்தது. அந்தப் போரில்தான், புக்கிட் பூத்துஸ் கணவாயில், கூர்க்காப் படையின் அதிகாரி சானர் விக்டோரியா சிலுவை பெற்றார். எரிந்த அரண்மனைக்கு ஈடாக 1902இல் தொடங்கி 1908இல் கட்டி முடித்த இந்த நான்கு மாடி மரக் கட்டடத்தை இரண்டு மலாய்த் தச்சர்கள், கஹார், தாயிப் என்பவர்கள், இரும்பு ஆணி இல்லாமல் எழுப்பினார்கள். செங்கால் மரத்தில் 99 தூண்கள். ஒவ்வொன்றும் ஒரு வீரனுக்காக என்று சொல்கிறார்கள். 1931 வரை அரச குடும்பம் அதில் வாழ்ந்தது; 1992 முதல் அரும்பொருளகம். இங்கே ஒரு விஷயத்தை நின்று பார்க்க வேண்டும். கட்டிய தச்சர்களின் பெயர் அந்த அரண்மனையோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. இங்கிலாந்தின் பெருவீடுகளில் கட்டடக் கலைஞரின் பெயர் தெரியும். தச்சன் பெயர் தெரிவது அபூர்வம்.

அடுத்தது அம்பாங் திங்கி அரண்மனை. 1860களில் யாம்துவான் உலின் காலத்தில் கோலப்பிலா பக்கம் எழுந்த சிறிய மர வீடு. 1953இல் அதைக் கழற்றி சிரம்பான் ஏரிப் பூங்காவில் நிறுத்தினார்கள். பிறகு அங்கிருந்தும் மாநில அருங்காட்சியக வளாகத்துக்குக் கொண்டுபோனார்கள். லுக்குட்டில் ராஜா ஜுமாத் 1847இல் கட்டிய கோட்டையின் மண்மேடும் அகழியும் இருக்கின்றன. ஈயத்துக்காக எழுந்த கோட்டை அது. இவற்றுக்கு அப்பால் ரெம்பாவிலும் ஜெம்போலிலும் கொம்புபோல் வளைந்த கூரையோடு பழைய கம்பத்து வீடுகள். அடாட் பெர்ப்பாத்தே முறையில் வீடும் முன்னோர் நிலமும் மகள் வழியில் இறங்கும். ஒரே குடும்பம், ஒரே இடம், பல தலைமுறை என்ற ஆங்கில அளவுகோலுக்கு இந்த வீடுகள் தாராளமாகப் பொருந்தும். அங்கே மூத்த மகன், இங்கே மகள் என்பதுதான் வேறுபாடு.

இத்தனையும் தோட்டங்களுக்கு வெளியே. தோட்ட எல்லைக்குள் கால் வைத்தால் நிலைமை மாறுகிறது.

தோட்டத்தில் 'பார்க்கத் தக்க வீடு' என்று எவரும் கை காட்டுவது துரை பங்களாவை. குன்றின் உச்சியில் நிற்கும். செம்மண் பாதை வளைந்து வளைந்து ஏறும். செங்கல் தூண்மேல் மர மாடி, நாலா பக்கமும் அகன்ற தாழ்வாரம், ஓட்டுக் கூரை, கார் நிற்க முகப்பு, பின்னால் மூடிய நடைவழியில் சமையற்கட்டு, அதற்கும் பின்னால் வேலைக்காரர் அறைகள். மேட்டில் கட்டியது காற்றுக்காக என்பார்கள். தாழ்வாரத்தில் நின்றால் ஸ்டோரும் புகைக்கூடமும் பெரட்டுக்களமும் லயங்களும் தெரியும் என்பதும் உண்மை. சுற்றிலும் தூங்குமூஞ்சி மரம், காகிதப்பூ, கல்வாழை, வெட்டி வெட்டிச் சீராக்கிய புல்தரை, சில இடங்களில் டென்னிஸ் திடல். ஆங்கில நாட்டுப்புறத் தோட்டம் ஒன்றை வெப்ப நாட்டுச் செடிகளை வைத்து நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அதை நினைவுகூர்ந்தவர் துரையின் மனைவி. மண்ணைக் கொத்தித் தண்ணீர் ஊற்றியவர் தமிழர். சமையல்காரர், ஆயா, தோட்டக்காரர், டிரைவர் என்று பங்களாவுக்கென்றே தனியாக ஒரு கூட்டம் பெரட்டில் பெயர் கொடுக்கும். வெயிலில் நிரை பிடிக்க வேண்டாம் என்பதால் அந்த வேலைக்குத் தோட்டத்தில் போட்டியும் உண்டு, பொறாமையும் உண்டு.

இந்தப் பங்களாவுக்குக் கோட்டையின் வேலையும் ஒருமுறை வந்தது. 1948 ஜூன் 16 அன்று பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின், மலாயா முழுவதும் பங்களாக்களைச் சுற்றி முள்வேலியும் மணல் மூட்டையும் வந்தன. சிறப்புக் காவலர்கள் இரவெல்லாம் நின்றார்கள். சிதறிக் கிடந்த லயங்களும் ஒரே வேலிக்குள் தள்ளப்பட்டன. காட்டுக்குள் அரிசி போகிறதா என்று வேலைக்குப் போகும் பெண்களின் தூக்குச்சட்டியைக் கூடத் திறந்து பார்த்தார்கள். 1960 வரை இந்தக் கெடுபிடி நீடித்தது.

ஆனாலும் துரை பங்களாவை ஆங்கிலப் பெருவீட்டோடு நிறுத்திப் பார்க்கும்போது ஒரு பெரிய குறை தெரிகிறது. அதில் யாரும் வாழ்ந்து முதிரவில்லை. வீடு கம்பெனிக்குச் சொந்தம். பெரிய துரை சில ஆண்டுகள் இருப்பார்; விடுப்பில் ஊருக்குப் போவார்; திரும்பி வரும்போது வேறு தோட்டம். மேசை நாற்காலிகூடக் கம்பெனிப் பட்டியலில் எண் போட்டவை. சுவரில் பாட்டன் படம் இல்லை. மரண வரி கட்ட வாரிசும் இல்லை, வீட்டைக் காப்பாற்றச் சீட்டு விற்க வேண்டிய நெருக்கடியும் இல்லை. உரிமை மாறியதே ஒரு பங்குச் சந்தையில்தான். 1981 செப்டம்பர் 7 காலை, லண்டன் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள், மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட், தோட்டங்கள் பல வைத்திருந்த கத்ரி கம்பெனியை வாங்கி முடித்தது. அதன்பின் பங்களாக்களில் உள்நாட்டு மேலாளர்கள் குடிபுகுந்தார்கள்; சிலர் புதிய வீடுகளுக்கு மாறினார்கள். கேட்பாரற்ற பங்களாக்களைக் கறையான் தின்றது. பேய்க் கதை தேடி இரவில் கேமராவோடு வரும் இளைஞர்கள்தான் இப்போது அவற்றின் விருந்தாளிகள். நல்ல கட்டடங்கள் அழிவது எனக்கு வருத்தமே. காப்பாற்ற முடிந்தவற்றைக் காப்பாற்றட்டும். ஆனால் தோட்டத்தின் கதையைச் சொல்லும் வீடு அது என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இந்த இடத்தில் இரண்டு கோட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பது பயன்படும். ஒன்று இங்கிலாந்தின் டெவன் வட்டாரத்தில், டார்ட்மூர் மேட்டில் நிற்கும் காசில் டிரோகோ. இங்கிலாந்தில் கட்டப்பட்ட கடைசிக் கோட்டை என்று அதைச் சொல்வார்கள். 'ஹோம் அண்ட் காலனியல்' என்ற கடைகளில் தேயிலையும் மளிகையும் விற்றுப் பெருஞ்செல்வரான ஜூலியஸ் டிரூ என்பவருக்காக எட்வின் லட்யன்ஸ் வரைந்தது. 1911இல் தொடங்கி 1930 வரை இழுத்தது. போரில் வேலையாட்கள் போனார்கள். 1917இல் மூத்த மகன் இறந்தான். திட்டம் பாதியாகச் சுருங்கியது. மற்றது பேராக்கின் பத்து காஜாவில் உள்ள கெல்லிஸ் காசில். ஸ்காட்லாந்திலிருந்து 1890 வாக்கில் மலாயா வந்த வில்லியம் கெல்லி ஸ்மித், கிந்தா கெல்லாஸ் ரப்பர்த் தோட்டத்தின் முதலாளி, 1915இல் தொடங்கினார். சென்னையிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். நச்சுக் காய்ச்சல் பரவி அவர்களில் பலர் இறந்தார்கள். 1926இல் ஸ்மித் லிஸ்பனில் நிமோனியாவால் இறக்க, மின்தூக்கிக்கு விட்ட குழி வெறுங்குழியாகவே நின்றுவிட்டது. மனைவி எல்லாவற்றையும் ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் கம்பெனிக்கு விற்றார்.

தேயிலைக் காசில் ஒன்று, ரப்பர்க் காசில் ஒன்று. ஏறக்குறைய ஒரே காலம். இன்று இரண்டுக்கும் சீட்டு உண்டு. டிரோகோவில் ஒழுகும் தட்டைக் கூரையைச் சரிசெய்ய டிரஸ்ட் பல ஆண்டுகள் பாடுபட்டது. கெல்லிஸ் காசிலில் வழிகாட்டிகள் பேயையும் சுரங்க வழியையும் பேசுகிறார்கள். நான் காட்டச் சொல்வது அங்கிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் மாரியம்மன் கோவிலை. நோய் தணிய வேண்டும் என்று வேலைக்காரர்கள் கேட்டதற்கு இணங்க ஸ்மித் கட்டிக் கொடுத்தது அது. அதன் கூரைமேல் தெய்வ உருவங்களோடு வெள்ளை உடையும் தொப்பியுமாக ஒரு துரையின் சிலை நிற்கிறது. நன்றிக் கடனா, வேடிக்கையா, இரண்டுமா என்று பார்ப்பவர் முடிவு செய்யட்டும். கோட்டையைக் கட்டியவர்கள் துரைக்கு முகம் செய்து வைத்தார்கள். அவர்களுடைய முகம் கோட்டையில் எங்கும் இல்லை.

தலைமுறைக் கணக்கு என்று வந்தால் தோட்டத்தில் அதற்குத் தகுதியான வீடு ஒன்றுதான்: லயம். கங்காணி சேலம், திருச்சி, வடஆற்காடு ஊர்களிலிருந்து உறவும் சாதியுமாக ஆள் கட்டிக்கொண்டு வந்தார். 1938இல் இந்திய அரசு அந்த ஆள் சேர்ப்பைத் தடுத்த பின் வந்தவர்கள் இங்கேயே நின்றார்கள். துரை மாறிக்கொண்டே இருந்தார், கிராணி மாறினார், கம்பெனி மாறியது, கொடி மாறியது. லயத்தில் பாட்டி பிரசவித்த அறையில் பேத்தி பிரசவித்தாள். சப்பானியர் காலத்தில் அதே வாசலிலிருந்து ஆண்கள் சயாம் ரயில் பாதைக்குப் போனார்கள், பலர் திரும்பவில்லை. எந்த நிரையில் எந்த மரம் அதிகப் பால் கொடுக்கும், எந்த ஓடை எப்போது பெருகும் என்று தெரிந்தவர்களும் இவர்கள்தான். ஆங்கிலப் பெருவீட்டுக்கு மரியாதை தேடித் தரும் அந்தத் தொடர்ச்சி, துளி குறையாமல், இங்கே எட்டுப் பத்துக் குடும்பங்கள் ஒரே தகரக் கூரையைப் பங்கிட்ட நெடுங்கட்டடத்தில் இருந்தது. ஒரு வேறுபாடு: ஒரு தகரமும் அவர்களுக்குச் சொந்தமில்லை. வேலை போனால் வீடும் போகும்.

அது போனது பல தவணைகளில். 1950களில் ஆங்கிலக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். இதைப் பற்றிப் பொருளியலாளர் உங்கு அஸிஸ் தலைமையில் ஓர் ஆய்வே நடந்தது. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் காசில் தோட்டம் வாங்கச் சொன்னது அந்தச் சூழலில்தான். பிறகு ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியபோது அத்தனை கை தேவைப்படவில்லை. 1990களில் நீலாயும் சிரம்பானைச் சுற்றிய நிலமும் வீடமைப்புக்குப் போயின. லாபு முதல் போர்ட்டிக்சன் வரை இன்றும் புதிய நகரத் திட்டங்களின் கண் தோட்ட நிலத்தின் மேல்தான். தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990இல் வந்தபோது பழைய லயங்கள் பல அந்தத் தரத்துக்கு எட்டவே இல்லை. அவை இடிந்ததில் நியாயமும் இருந்தது.

லயம் போன பிறகும் மக்கள் அந்த இடங்களுக்குப் போகாமல் இல்லை. தோட்டக் கோவில் திருவிழா என்றால் கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் என்று சிதறிய குடும்பங்கள் கார் கட்டிக்கொண்டு வருகின்றன. தீமிதிக்கும் அன்னதானத்துக்கும் நடுவே ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரியவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு செம்பனைக் காட்டுக்குள் நடப்பார்கள். "இங்கதான் ஆயாக் கொட்டகை. அந்தா தெரியுதே சிமெண்டுத் தொட்டி, அதுக்குப் பின்னாடி நம்ம வீடு" என்பார்கள். பிள்ளைகள் சிமெண்டுத் தொட்டியைப் பார்ப்பார்கள். சுடுகாட்டுப் பக்கம் போய்ப் பாட்டனின் மேட்டைத் தேடுபவர்களும் உண்டு. பழைய இடங்களைப் பார்க்கப் போவது என்ற வழக்கத்துக்கு நம்மிடம் உள்ள வடிவம் இது. சீட்டு இல்லை, வழிகாட்டிப் பலகை இல்லை, பார்க்க வீடும் இல்லை.

லயத்தை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் லயத்தில் வளர்ந்தவர்கள். மழைக்கு ஒழுகிய கூரையையும், வரிசையாய் நின்ற பொதுக் கக்கூசையும், பக்கத்து வீட்டுச் சண்டை சுவர் தாண்டி வந்து விழுந்ததையும் அவர்கள் மறக்கவில்லை. "அந்தக் கஷ்டத்தை எதுக்கு ஜோடிச்சு வைக்கணும்?" என்ற கேள்விக்கு அலட்சியமாகப் பதில் சொல்லக் கூடாது. இங்கிலாந்தின் அனுபவம் இங்கே கைகொடுக்கிறது. நாட்டிங்ஹாம்ஷயரின் சௌத்வெல் ஊரில் 1824இல் கட்டிய ஏழைகள் விடுதியை, ஒரு காலத்தில் அதன் பெயரைச் சொன்னாலே முதியவர்கள் நடுங்கிய அந்தக் கட்டடத்தை, பிரபு வீடுகளை வைத்திருக்கும் அதே நேஷனல் டிரஸ்ட் வாங்கிச் செப்பனிட்டு 2002இல் திறந்தது. இரண்டு ஆண்டு கழித்துப் பர்மிங்காம் நகரில், முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பின் கடைசி முற்றத்தையும் திறந்தது. ஆயிரக்கணக்கில் இருந்த அவ்வகை வீடுகள் சுகாதாரக் கேடு என்று இடிக்கப்பட்டவை. அங்கே ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொரு காலத்துக்கு உரியதாக அமைத்திருக்கிறார்கள்: 1840களில் ஒரு குடும்பம், 1870களில் ஒன்று, 1930களில் ஒன்று, கடைசியாகக் கரீபியத் தீவான செயிண்ட் கிட்ஸிலிருந்து வந்த ஒரு தையற்காரரின் கடை. கூட்டமாக உள்ளே விடுவதில்லை. முன்பதிவு செய்தவர்களை வழிகாட்டி அழைத்துப் போகிறார். நம் லயங்களிலும் முதுகோடு முதுகு ஒட்டியவை இருந்தன என்பதால் இந்த முற்றம் எனக்கு விண்ட்சர் கோட்டையைவிட முக்கியமாகப் படுகிறது.

இன்னும் அருகில் இலங்கை இருக்கிறது. அங்கே இரண்டு வழியும் கண்முன்னே தெரிகின்றன. காசல்ரி நீர்த்தேக்கத்தைச் சுற்றித் துரை பங்களாக்கள் உயர்ந்த விலை விடுதிகளாகியிருக்கின்றன. கந்தப்பளையில் ஒரு பழைய தேயிலை ஆலையே விடுதி. கட்டடங்கள் அழகாகப் பிழைத்துவிட்டன, மறுக்கவில்லை. ஆனால் தாழ்வாரத்தில் தேநீர் குடிப்பவருக்கு லயம் கண்ணில் படாது. கொழுந்து பறிக்கும் பெண் புகைப்படத்தில் மட்டும் வருவாள். கம்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் சமூக அபிவிருத்தி நிறுவகம் வேறு மாதிரி செய்தது. பழைய லயக் காம்பராக்களையே எடுத்து, தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் அமைத்தது. வீட்டுப் பாத்திரம், வேலைக் கருவி, பழைய தாள்கள் என்று மக்கள் கொடுத்தவை அங்கே இருக்கின்றன. பெரிய முதல் இல்லாமல் நடந்த காரியம். மொரீஷியஸில் ஒப்பந்தக் கூலிகள் ஏறி வந்த ஆப்ரவாசி காட் படிக்கட்டு 2006இல் யுனெஸ்கோ பட்டியலுக்கே போனது. கூலி என்ற சொல்லுக்கு வெட்கப்பட்ட ஒரு நாடு அதைத் தன் தலைவாசலாக வைத்துக்கொண்டது.

மலேசியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. நிலம் மாநில அதிகாரத்தில் இருப்பதால் ஓர் இடத்தை மரபிடமாக அறிவிக்க மாநிலத்தின் இசைவு வேண்டும். தோட்ட நிலம் கம்பெனியிடம் இருக்கும். அந்த நிலத்துக்கு வீடமைப்பு விலை வந்துவிட்டால் ஒரு லயத்துக்காக ஓர் ஏக்கரை ஒதுக்கச் சொல்வது எளிதல்ல. அதோடு லயம் பெரும்பாலும் பலகையும் தகரமும். ஆள் குடியில்லாத பலகை இந்த மழையில் பத்து ஆண்டு தாங்காது. இருக்கும் இடத்திலேயே வைத்துக் காப்பது சிறந்தது என்று மரபு வல்லுநர்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். நெகிரி செம்பிலானில் அதற்குக் காத்திருந்தால் காக்க ஒன்றும் மிஞ்சாது என்பதே என் கணிப்பு.

வேறு வழி இங்கேயே நடந்து பார்த்தாகிவிட்டது. எண்பதுகளில் தொடங்கிய பாடான் வாரிசான் மலேசியா என்ற மரபுடைமை அமைப்பு, கெடாவிலிருந்து ஒரு பெங்குலுவின், அதாவது ஊர்த் தலைவரின், மர வீட்டைக் கழற்றிக் கோலாலம்பூர் ஸ்டோனர் சாலையில் நிறுத்தியது. அதற்கும் வெகு முன்பே அம்பாங் திங்கி அரண்மனை இந்த மாநிலத்துக்குள்ளேயே ஒரு முறைக்கு இரு முறை கழற்றி மாட்டப்பட்டது. அரண்மனைக்குச் செய்ததை ஒரு லயத்துக்குச் செய்ய வேறு தொழில்நுட்பம் வேண்டியதில்லை. பலகைக்கு எண் போடத் தெரிந்தால் போதும். ஒரே ஒரு வீட்டை வெட்டி எடுத்து வந்து நிறுத்துவதில் பயனில்லை. வரிசை முழுவதும் வர வேண்டும், குறைந்தது ஆறு வாசலாவது. அப்போதுதான் பக்கத்து வீட்டு இருமல் எப்படிக் கேட்டது என்பது வருபவருக்கு விளங்கும். பர்மிங்காம்போல ஒரு வீடு சஞ்சிக்கூலியாக வந்தவரின் காலம், ஒன்று சப்பானியர் காலம், ஒன்று அவசரகாலம், ஒன்று சுவரில் எம்.ஜி.ஆர். படமும் மேசைமேல் வானொலியும் இருந்த அறுபதுகள், ஒன்று செம்பனைக் காலம் என்று அமையலாம். ஆறாவது வாசலைக் காலியாக விட்டு, வருகிறவர்கள் தங்கள் வீட்டுப் பொருளைக் கொண்டுவந்து வைக்கச் சொல்லலாம்.

கட்டடத்தைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. எந்த மூலையில் அடுப்பு, எந்த ஆணியில் பால் வாளி, மழை பெய்தால் எந்த இடத்தில் பாத்திரம் வைத்தார்கள் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். அவர்கள் தாமான் வீடுகளில், மகன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 61 பள்ளிகளிலும் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களை வைத்து ஒரே பள்ளி விடுமுறையில் அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்துவிடலாம். ஒரு கைப்பேசியும், தாத்தாவை நடுவில் குறுக்கிடாமல் கேட்கும் பொறுமையும் போதும். எந்தக் கம்பெனியின் அனுமதியும் வேண்டாம்.